வீட்டில் பேச ஆள்

செவ்வாய், வகுப்பு முடிந்து

குட்டியை எப்படிச் சேர்ப்பார்கள் என்பதைத் தலைமையாசிரியை இன்று அம்மாவுக்கும் எனக்கும் விளக்கினார். மறந்துபோவதற்குள் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

குட்டி என் தங்கை. எட்டு வயது. இரண்டு வயதில் வந்த மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு அவளுக்குக் காது கேட்காது. இதுவரை எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் சாதாரணப் பள்ளியில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, கரும்பலகையில் இருப்பதை அச்சுப் பிசகாமல் நோட்டில் வரைந்துகொண்டு வந்தாள். வரைந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். எழுதியிருப்பது என்ன என்று கேட்டால் தோளைக் குலுக்குவாள். காது கேளாதவர்களுக்கான அரசுப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று அந்த டீச்சரே சொல்லிவிட்டார்.

இங்கே மனு கொடுத்த உடனே சேர்த்துக்கொள்வதில்லை. முதலில் காது பரிசோதனை. அது போன மாதமே முடிந்தது. அடுத்தது பழகு வாரம். பிள்ளை விடுதியில் தங்கி வகுப்புகளில் உட்கார்ந்து பழக வேண்டும். குட்டிக்கு அது நேற்றுத் தொடங்கியது. கடைசியில் சேர்க்கைக் கூட்டம். எந்த வகுப்பு, விடுதியா அல்லது தினமும் வேனில் வந்துபோவதா என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும்.

"வயசைப் பார்த்து வகுப்புப் போடறதில்லைங்க," என்றார் தலைமையாசிரியை. "நடந்த ஒரு விஷயத்தை ஆரம்பத்துலேருந்து முடிவு வரைக்கும் சொல்லத் தெரியுதான்னு பார்ப்போம். யார் செஞ்சாங்க, அப்புறம் என்ன ஆச்சுன்னு. அது வந்துட்டா மத்ததெல்லாம் தானா வந்துடும்."

"இவ அப்படியெல்லாம் சொல்ல மாட்டாங்க," என்றாள் அம்மா. "பசிக்குதுன்னு காட்டுவா, வேணாம்னு காட்டுவா. கோவம் வந்தா செருப்பைத் தூக்கிப் போடுவா. அவ்வளவுதான்."

"பரவாயில்லை. அப்படின்னா ஆரம்ப வகுப்புலேருந்து போகட்டும்."

நான்தான் வேனைப் பற்றிக் கேட்டேன்.

"வேன்ல இடம் இருக்கும்மா. ஆனா சாயங்காலம் வீட்டுக்குப் போனா அவகூடப் பேச ஆள் இருக்கணும். இல்லேன்னா நாங்க இங்க ஏத்தினதெல்லாம் அங்க போய் இறங்கிடும். உங்க வீட்டுல யார் பேசறது?"

அம்மா என் பக்கம் கையைக் காட்டினாள். "இவதாங்க. குட்டி கண்ணை உருட்டினாலே இவளுக்குப் புரிஞ்சுடும். பெத்த எனக்கே இவதான் சொல்லணும்."

அந்த வார்த்தையைக் கேட்டுப் பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்பா லாரி ஓட்டுகிறார், பாதி நாள் ரோட்டில்தான். அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை முடித்து வந்தால் நின்றபடியே தூங்குவாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு, செவ்வாயும் வியாழனும் இந்தப் பள்ளியின் மாலைச் சைகை வகுப்புக்கு நான் வருவது இதற்காகத்தான். குட்டி தினமும் வீட்டுக்கு வர வேண்டும். அதற்கு வீட்டில் பேச ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

ஆனால் எனக்கு நன்றாக வருகிறதா என்பது தெரியவில்லை. எங்கள் சாருக்கும் காது கேட்காது. இங்கே எல்லாருக்கும் கையால் ஒரு பெயர் உண்டு. சாரின் பெயர், கன்னத்தில் விரலால் ஒரு குத்து. அதனால் நாங்கள் அவரைக் கன்னக்குழி சார் என்போம். இன்று நான் செய்து காட்டியதைப் பார்த்துவிட்டுப் பலகையில் எழுதினார்: "உன் கை வேலைக்கு வந்துவிட்டது. முகம் இன்னும் லீவில் இருக்கிறது."

மகனுக்காக வகுப்புக்கு வரும் மளிகைக் கடைக்காரர் மேசையைத் தட்டிச் சிரித்தார். சார் அவரைப் பார்த்துவிட்டு அதன் கீழே இன்னொரு வரி எழுதினார்: "உங்கள் முகம் ரிட்டயர்டு."

நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று, கேள்வி கேட்கும்போது புருவத்தை ஏற்றிப் பார்த்தேன். பல்வலிக்காரி மாதிரி இருந்தது.

வியாழன்

வகுப்புக்கு முன்பே போய்விட்டேன். பழகு வாரத்தில் வீட்டார் தலையிடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். எட்டிப் பார்ப்பது தலையீட்டில் சேருமா என்று யோசித்தேன். சேராது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனேன்.

வட்ட மேசைகள். எல்லாரும் எல்லாரையும் பார்க்க வேண்டும் என்பதற்காக வட்டம். குட்டி ஒரு பெரிய பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். புதிதாக வரும் பிள்ளைக்கு விடுதியில் ஒரு பெரிய பெண்ணைத் துணைக்கு விடுவது இங்கே வழக்கம். அந்தப் பெண்ணுக்குப் பதினைந்து, பதினாறு வயது இருக்கும். இடுப்புவரை பின்னல். அவள் பெயரும் அதுதான், தோளிலிருந்து கீழே முறுக்கிக்கொண்டு இறங்கும் ஒரு கை. பின்னல். அவளுடைய அப்பா அம்மா இருவருக்குமே காது கேட்காதாம். பிறந்ததிலிருந்தே கையால் பேசுகிறவள்.

பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது அவள் பேசுவது. நான் யோசித்து யோசித்து ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறேன், பரிமாறுகிறவள் மாதிரி. அவளுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் வருகிறது, கை, தோள், புருவம், உதட்டின் ஓரம். குட்டி வாயைப் பிளந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தட்டில் எல்லாம் ஆறிக்கொண்டிருந்தது. எத்தனையோ நாள் நான் ஊட்டிவிட்ட பிள்ளை, யார் ஊட்டுகிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் பின்னல் நீட்டியதை விழுங்கினாள்.

என்னைக் கண்டதும் ஓடிவந்தாள். இடுப்பைக் கட்டிக்கொண்டாள். சரி, மறக்கவில்லை என்று நினைத்தேன். உடனே விட்டுவிட்டு, தன் மோவாயில் விரலை வைத்து இரண்டு முறை தட்டிக் காட்டினாள். பின்னலைக் காட்டினாள். மறுபடி மோவாயைத் தட்டினாள்.

எனக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அது அவளுடைய புதுப்பெயர். மோவாயில் இருக்கும் தழும்பை வைத்துப் பின்னல் வைத்த பெயர்.

என் சைக்கிளிலிருந்து விழுந்து வந்த தழும்பு அது. ரத்தத்தைத் துடைத்தது நான், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது நான், தையல் போடும்போது கையைப் பிடித்துக்கொண்டதும் நான். நேற்று வந்தவள் அதை எடுத்துப் பெயராக்கிவிட்டாள். ஒரு தழும்புக்குச் சொந்தம் கொண்டாடுவது எவ்வளவு அசட்டுத்தனம் என்று தெரிகிறது. தெரிந்தாலும் வயிறு எரிகிறது.

இன்று வகுப்பில் எதுவும் மனதில் ஏறவில்லை.

சனி, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு

குட்டி நேற்று வீட்டுக்கு வந்தாள். திங்கட்கிழமை கூட்டம்.

காலையிலிருந்து நான் கேட்டதற்கெல்லாம் அரைகுறையாகப் பதில் சொன்னாள். நான் ஒரு சைகை காட்டினால், என் விரலைப் பிடித்துத் திருத்தினாள். இரண்டு முறை. மூன்றாவது முறை நான் கையை இழுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அம்மாவின் போனில் வீடியோ அழைப்பு. பின்னல். குட்டி போனைத் தண்ணீர்க் குடுவையின் மேல் சாய்த்து வைத்து, எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு கையும் வேண்டுமே. நான் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டு இருந்தேன். முதலில் சில சொற்கள் பிடிபட்டன: மாடி, பூனை, நாளை. பிறகு எதுவும் இல்லை. மழை பெய்வதைச் சன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடுவில் குட்டி, மூக்கின் மேல் கண்ணாடியை ஏற்றிவிடுவது போல விரலைக் காட்டினாள். எங்கள் வீட்டில் அது நான். குட்டி மூன்று வயதில் எனக்கு வைத்த பெயர். பின்னல் ஏதோ கேட்டாள். குட்டி ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நான் எழுந்தேன். மடித்த துணியை அலமாரியில் வைக்கத்தான் எழுந்தேன் என்று முதலில் இங்கே எழுதி, அடித்துவிட்டேன். சுவிட்சுக்குத்தான் போனேன். விளக்கை அணைத்தேன்.

போன் திரை மட்டும் எரிந்தது. அதில் பின்னல், கண்ணைச் சுருக்கிக்கொண்டு, என்ன, என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தாள். குட்டி கையை ஆட்டி ஆட்டிப் பார்த்தாள். பிறகு கத்தினாள். அவள் குரல் எப்போதாவதுதான் வெளியே வரும். வந்தால் பக்கத்து வீட்டில் கதவு திறக்கும்.

அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். "என்னடி? ஏன் கத்தறா?"

"கரண்ட் போயிடுச்சும்மா."

அம்மா தலைக்கு மேலே பார்த்தாள். "ஃபேன் சுத்துதே?"

"பல்பு போயிருக்கும்."

அம்மா போய் சுவிட்சைத் தட்டினாள். விளக்கு எரிந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். பால் பொங்குகிறது என்று போய்விட்டாள். குட்டி போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள், அம்மாவின் காலடியில் உட்கார்ந்துகொண்டாள்.

விளக்கை அணைத்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். வாயைப் பொத்துவது அது. தெரியாமல் செய்தேன் என்று சொல்வதற்கு வழியில்லை.

ஞாயிறு

குட்டி வழக்கம்போல என் மேல் காலைப் போட்டுத்தான் தூங்கினாள். மறந்திருப்பாள் என்று நினைக்கிறேன். நடந்ததைக் கோர்வையாகச் சொல்லத் தெரியாத பிள்ளைக்குக் கோர்வையாக ஞாபகம் இருக்குமா? இப்படி நினைத்து ஆறுதல் அடைகிற என்னை எனக்கே பிடிக்கவில்லை.

திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுத முயல்கிறேன்.

நாற்காலிகளைக் குதிரை லாட வடிவில் போட்டிருந்தார்கள். யாருடைய முதுகுக்குப் பின்னாலும் சன்னல் இல்லை, வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும் என்பதற்காக. தலைமையாசிரியை, காது பரிசோதிக்கிறவர், கன்னக்குழி சார், அம்மா, நான், குட்டி. குட்டிக்கு எதிரே மொழிபெயர்ப்பாளரான ஒரு பெண்மணி. கழுத்துவரை மூடிய கறுப்புச் சட்டை.

அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். "இந்த ரூம்ல யார் வாய் பேசினாலும் என் கை சொல்லும். யார் கை பேசினாலும் என் வாய் சொல்லும். எதையும் விட மாட்டேன். அதுதான் என் வேலை."

நாங்கள் தலையாட்டினோம். அம்மா என் காதோரம், "துக்க வீட்டுக்கு வந்த மாதிரி ஏன்டி கறுப்புல வந்திருக்கா?" என்றாள். மொழிபெயர்ப்பாளரின் கைகள் அசைந்தன. சாரின் கன்னத்தில் குழி விழுந்தது. குட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"கை தெரியணும்மா, அதுக்குத்தான் கறுப்பு," என்றார் அவர். அதையும் கையால் சொன்னார்.

காது பரிசோதகர் தன் வரைபடத்தை விளக்கினார். குட்டிக்குக் கருவி வைத்தாலும் பேச்சு பிடிபடாது. லாரி ஹாரன் கேட்கலாம். "அப்பா வந்தா தெரிஞ்சுக்குவா," என்றாள் அம்மா. பிறகு தலைமையாசிரியை வேன் பற்றிய பேச்சை எடுத்தார். வீட்டில் அக்கா இருக்கிறாள், மாலை வகுப்புக்குத் தவறாமல் வருகிறாள் என்று சார் எனக்காகச் சொன்னார். எல்லாம் என் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது.

அப்போது சார் குட்டியின் பக்கம் திரும்பி, வீட்டில் நடந்தது ஏதாவது ஒன்று சொல் என்றார்.

குட்டி கொஞ்ச நேரம் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். பிறகு மூக்கின் மேல் விரலை ஏற்றினாள். இரண்டு உள்ளங்கைகளாலும் கண்ணைப் பொத்தினாள். மறுபடி மூக்கு. மறுபடி கண். முகம் சிவந்திருந்தது.

மொழிபெயர்ப்பாளர் கையை நிறுத்தினார். "இது ரெண்டும் வீட்டுச் சைகைன்னு நினைக்கிறேன், எனக்குத் தெரியலை." என்னைப் பார்த்தார். "என்ன சொல்றா?"

முதல் சைகை நான். இரண்டாவது இருட்டு. உலகத்தில் அது தெரிந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான், அம்மாவுக்குக்கூட அரைகுறைதான். அறையில் எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவளுக்கு இருட்டுன்னா பயங்க," என்றேன். "நான் பக்கத்துல இருந்தாத்தான் தூங்குவா. அதைத்தான் சொல்றா. விடுதியில எப்படி இருப்பான்னுதான் எங்களுக்கே கவலை."

எவ்வளவு நன்றாக வந்தது! முகமெல்லாம் அசைந்திருக்கும், லீவெல்லாம் முடிந்து.

சொல்லி முடிப்பதற்குள்ளேயே மொழிபெயர்ப்பாளரின் கைகள் எழுந்துவிட்டன. அம்மாவுக்கு நடந்ததைச் சற்று முன்புதான் பார்த்திருந்தேன், சிரிக்கவும் செய்தேன். ஆனால் குட்டியை எதிரில் வைத்துக்கொண்டே குட்டியைப் பற்றிப் பேசி வளர்ந்த வாய் இது. அவள் முதுகுக்குப் பின்னால் பேச வேண்டிய அவசியமே எங்களுக்கு வந்ததில்லை. நான் சொன்ன பொய் அந்தக் கறுப்புச் சட்டையின் முன்னால், ஒவ்வொரு விரலாக, நல்ல வெளிச்சத்தில் என் தங்கையைப் போய்ச் சேர்ந்தது.

குட்டி என்னைப் பார்த்தாள். கோபம் என்று சொல்ல முடியாது. எங்கள் கடைக்குப் புதிதாகக் கண்ணாடி வாங்க வருகிறவர்கள், போட்டவுடன் பக்கத்தில் நிற்கும் வீட்டுக்காரரை முதல்முறை தெளிவாகத் தெரிவது போலத் திரும்பிப் பார்ப்பார்களே, அந்த மாதிரி.

பிறகு நாற்காலியிலிருந்து இறங்கி, மொழிபெயர்ப்பாளருக்கு நேராகப் போய் நின்றாள். இம்முறை எங்கள் வீட்டுச் சைகை ஒன்றுகூட இல்லை. தோள் அசைந்தது, புருவம் அசைந்தது. எல்லாம் பின்னலின் அசைவுகள். மொழிபெயர்ப்பாளரின் குரல் சின்னப் பெண்ணின் குரலாக மாறவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

"எனக்கு இருட்டுன்னா பயம் இல்லை. சனிக்கிழமை நானும் பின்னலும் போன்ல பேசிட்டிருந்தோம். அக்கா துணி மடிச்சிட்டிருந்தா. நாங்க சிரிச்சோம். அக்கா மூஞ்சி இப்படி ஆச்சு." குட்டி செய்த முகத்தை அவரும் செய்தார். மூடிய கதவு மாதிரி இருந்தது. "அக்கா எழுந்து போய் லைட்டை அணைச்சா. பின்னலோட கை எனக்குத் தெரிஞ்சுது. என் கை பின்னலுக்குத் தெரியலை. அவ கேட்டுட்டே இருந்தா, என்னால பதில் சொல்ல முடியலை. நான் கத்தினேன். அம்மா வந்தாங்க. அக்கா அம்மாகிட்ட ஏதோ சொன்னா. என்கிட்ட சொல்லலை."

குட்டி கையை இறக்கினாள். உடனே மறுபடி தூக்கினாள்.

"முடிஞ்சுது," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

அம்மா, எனக்கு மட்டும் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "ஃபேன் சுத்துதேன்னு அன்னைக்கே கேட்டேன்," என்றாள். அதுவும் கையாகி எல்லாருக்கும் போனது.

சார் என்னைப் பார்க்கவே இல்லை. குட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், கன்னத்தில் குழி ஆழமாக. பிறகு தலைமையாசிரியையிடம் ஏதோ சொன்னார். "ஆரம்ப வகுப்பு இவளுக்கு வேண்டாம். யார், எப்போது, ஏன், பிறகு என்ன, எல்லாம் இருக்கிறது. மூன்றாம் வகுப்பில் போடலாம்," என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார்.

அவளுக்குக் கோர்வையாகச் சொல்லத் தெரியாது என்றுதானே இருந்தோம்! அவள் கோர்வையாகச் சொன்ன முதல் விஷயம் நான் செய்தது. மூன்றாம் வகுப்பு கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம் வந்தது, அது உண்மை. அந்தச் சந்தோஷத்தின் அடியிலேயே, இதைச் சொல்லக் கற்றுக்கொடுத்தது நான் இல்லை என்ற எரிச்சலும் கிடந்தது. அதுவும் உண்மை.

"விடுதி," என்றார் தலைமையாசிரியை. "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பறோம். இது தண்டனை இல்லைம்மா. நீ வகுப்புக்கு வந்துட்டே இரு. வீட்டுல பேச ஆள் இருக்குன்னு எங்களுக்குத் தோணினா வேனைப் பத்தி மறுபடி பேசலாம்."

நான், "சரிங்க," என்றேன். மொழிபெயர்ப்பாளர் அதையும் குட்டிக்குச் சொன்னார்.

கையெழுத்துப் போட அம்மா அலுவலகத்துக்குப் போனாள். நானும் குட்டியும் தாழ்வாரத்தில் நின்றோம். மன்னிப்புக் கேட்டேன். வகுப்பில் படித்தபடி, கையைச் சரியான இடத்தில் வைத்து. முகத்துக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை, அது தானாக என்னவோ ஆகிக்கொண்டிருந்தது. குட்டி பார்த்தாள். என் விரலைப் பிடித்துத் திருத்தவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

அப்போது படியில் பின்னல் இறங்கி வந்தாள், சேதி தெரிந்துகொள்ள. எனக்கு ஒரு மரியாதைத் தலையசைப்பு. குட்டி அவளிடம் ஏதோ தொடங்கி, பாதியில் நிறுத்தி, என் பக்கம் திரும்பினாள். ஆள்காட்டி விரலைக் கீழே நீட்டி ஒரு வட்டம் போட்டாள்.

திரும்பிக்கொள் என்றாள்.

கையால் பேசுகிறவர்கள் பக்கத்தில் பார்த்துக்கொண்டு நிற்பதும் ஒட்டுக்கேட்பதும் ஒன்றுதான். எனக்கு முக்கால்வாசி புரியாது என்று அவளுக்குத் தெரியும். கால்வாசியும் வேண்டாம் என்கிறாள்.

சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். முதுகுக்குப் பின்னால் செருப்பு தரையில் உரசியது. உள்ளங்கையில் உள்ளங்கை பட்டது. மூச்சு, வேகமாக. ஒரு முறை யாரோ சிரித்தார்கள். யார் என்று தெரியவில்லை, இரண்டு சிரிப்பும் இப்போது ஒரே மாதிரி இருக்கின்றன. எனக்குக் கேட்டது இவ்வளவுதான்.

அம்மா வெளியே வந்தாள். "ஏன்டி செவுத்தைப் பார்த்துட்டு நிக்கிற?"

"பேசிட்டிருக்காங்கம்மா," என்றேன்.